பூந்தொட்டி போன வழி

நண்டைத் தேடி நாங்கள் கிளம்பியது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையைத் தேடிப் போயிருக்கிறோம். ஓடிப்போன மாப்பிள்ளை, குடிக்கவே மாட்டான் என்று தரகர் சத்தியம் செய்த மாப்பிள்ளை, ஏற்கெனவே ஒரு கல்யாணம் முடித்த மாப்பிள்ளை என்று எல்லா ரகமும் பார்த்தாயிற்று. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் ‘தில்லை துப்பறியும் நிலைய’த்துக்கு வருவதில் பத்துக்கு ஒன்பது கல்யாண விசாரணைதான். பத்துக் கால் ஆசாமி காணாமல் போனதாக யாரும் வந்ததில்லை.

நிலையத்தின் முதலாளி தில்லைநாதன் என் அக்கா புருஷன். முப்பது வருஷம் வி.ஏ.ஓ. வேலை பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறிய வந்தவர். “முப்பது வருஷமா பொய் சொல்றவன மட்டுமே பாத்துருக்கேன். இதுக்கு மேல இன்னா தகுதி வேணும்?” என்பார். நான் இளவரசு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பைக் ஓட்டுவது, டீ வாங்குவது, தேவைப்பட்டால் அடி வாங்குவது, இந்த மூன்றும் என் இலாகா.

காலை எட்டு மணிக்கு போன் வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், என் நண்டக் காணோம் சார்” என்றது ஒரு பெண் குரல். அழுது முடித்த குரல்.

“உசுரு நண்டாம்மா, சமைச்ச நண்டா?”

“ஸ்பிரிட்ல போட்ட நண்டு சார்.”

“குடிச்சிட்டு எங்கியாவது விழுந்து கெடக்கும் மாமா” என்றேன். மாமா என்னை முறைத்துவிட்டு, பைக் சாவியை எடுத்து என் மேல் வீசினார்.

பத்து மணிக்கு சிதம்பரத்துக்கு வெளியே வீராணம் பல்கலைக்கழக வாசலில் நின்றோம். கோலம், தோரணம், ‘ஆய்வுக் குழுவே வருக’ என்று பேனர். உயர்கல்விக் கமிட்டி இரண்டு நாள் வந்து துறை துறையாகப் பார்த்து மார்க் போடுகிறதாம். இன்றைக்கு இரண்டாம் நாள். செக்யூரிட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனில் பேசிய பெண் ஓடி வந்தாள். இசைவாணி. முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் எங்களுக்கான பாஸ்.

மாமா பாஸை வாங்கிப் படித்தார். ‘வந்த காரியம்: பூச்சி மருந்து அடித்தல்.’

“மன்னிச்சுக்குங்க சார். கமிட்டி இருக்கறப்ப துப்பறியறவங்கன்னா உள்ள விடமாட்டாங்க. பூச்சி மருந்து, கக்கூஸ் அடைப்பு, ரெண்டுக்குத்தான் அனுமதி.”

“மொதல்ல இருந்தத எழுதுனியே, நீ நல்லாருக்கணும்மா” என்றேன்.

மாமாவின் கண் பாஸின் கீழே நின்றுவிட்டது. “பச்சை மை!” என்று பெருமூச்சு விட்டார். “யாரு கையெழுத்து?”

“எங்க கைடு சார். துறைத்தலைவர். மொத்தமா அம்பது பாஸ்ல போட்டு வச்சிட்டாரு. எதுன்னாலும் பச்சையிலதான் எழுதுவாரு.”

“குடுத்து வச்சவரு. நான் முப்பது வருஷம் நீல மையிலயே காலத்த ஓட்டிட்டேன்” என்றார் மாமா. தாசில்தாராகி பச்சை மையில் ஒரு கையெழுத்தாவது போட வேண்டும் என்பது அவருடைய நிறைவேறாத ஆசை. இதை என் அக்காவிடம் மாதம் ஒருமுறை சொல்லித் திட்டு வாங்குவார்.

நடந்துகொண்டே இசைவாணி கதையைச் சொன்னாள். கிள்ளைப் பக்கத்து ஆள். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுச் சேற்றில் நண்டு பிடிக்கிற பெண்கள் ஒவ்வொரு நண்டையும் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், விஞ்ஞானம் அதே நண்டை எப்படிக் கூப்பிடுகிறது என்பதுதான் அவள் பிஎச்.டி. ஆராய்ச்சி. பாதி கடலுயிரியல், பாதி தமிழ்.

“பொம்பளைங்க பத்தொம்பது பேரு சொல்றாங்க சார். புத்தகத்துல அந்தப் பக்கத்துக்கு பதினெட்டு நண்டுதான் இருக்குது. மிச்சம் ஒரு பேரு ‘தூங்குநண்டு’. அது யாருன்னு தேடுனேன். ஆறு வருஷம்.”

“பேரு இருக்குது, ஆளு இல்ல. ரேஷன் கார்டு கேஸ்” என்றார் மாமா. முகம் பிரகாசமாகிவிட்டது.

“கடைசியில ஆளு கெடைச்சுது சார். தொட்டா செத்த மாதிரி கெடக்கும். கைய எடுத்தா ஓடிடும்.”

“எங்க தாலுக்கா ஆபீஸ்ல ரெண்டு பேரு அப்பிடி இருந்தாங்க.”

“உலகத்துல எந்தப் புத்தகத்துலயும் இல்லாத நண்டு சார். அகப்பட்டது ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு மூணு மணிக்கு எனக்கு வைவா. வெளியிலேருந்து வந்துருக்கற எக்ஸாமினர் நண்ட நேர்ல பாக்கணும்னுட்டாங்க. நண்டு இல்லன்னா வைவா இல்ல. கைடு இந்த முப்பத்தொண்ணாந் தேதி ரிடையர் ஆவுறாரு. தேதி தப்புனா புது கைடு, புது ஃபைல், இன்னும் ரெண்டு வருஷம். திங்கக்கிழமை அரசு காலேஜ் வேலைக்கு சர்ட்டிபிகேட் சரிபார்க்கக் கூப்பிட்டுருக்காங்க சார்.”

சர்ட்டிபிகேட் என்ற சொல்லைக் கேட்டதும் மாமா நின்றார். மற்றவர்களுக்குக் கோயில் மணி எப்படியோ, அவருக்கு அந்தச் சொல்.

“மூணு மணிக்குள்ள நண்டு வரும். நட மச்சான்.”

ஆய்வுக்கூடத்தில் இரும்பு பீரோ. பூட்டு உடையவில்லை, கீறல்கூட இல்லை. நடுத்தட்டில் ஜாடி இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லாத வட்டம். மாமா அதைப் பார்க்கவே இல்லை. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பீரோவுக்கு முன்னால் செம்மண் வட்டமாக நான்கு தடம், ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு.

“இது இன்னாம்மா?”

“பூந்தொட்டி வச்ச தடம் சார். நேத்து கமிட்டிக்காக வச்சிருப்பாங்க. காலைல எட்டு மணிக்கு நான் கெளம்பறப்ப இல்ல.”

“எங்க கெளம்புன?”

“கமிட்டிக்கு மதியச் சாப்பாட்டுக்கு வஞ்சிரம் வாங்கிட்டு வரச்சொல்லி கைடு பரங்கிப்பேட்டைக்கு அனுப்பிச்சாரு. வாங்கியாந்து, சமையக்கட்டுல குடுத்து, பரிமாறி முடிக்க மூணு மணி ஆயிடுச்சு. சாயங்காலம் பீரோவத் தெறந்தா ஜாடி இல்ல.”

“இங்க பாரு மச்சான்.” மாமா விரலால் காட்டினார். நான்கு வட்டங்களில் ஒன்றின் நடுவே, ஈர மண்ணை ஏதோ வழித்துக்கொண்டு போன மாதிரி ஒரு வளைவு. மாமா பீரோக் கதவை மெல்லத் திறந்தார். கதவின் அடிவிளிம்பு அந்த வளைவின் மேலேயே அச்சாக ஓடியது.

“தொட்டி வச்சி, தண்ணி ஊத்தி, மண்ணு ஈரமா இருக்கறப்ப யாரோ தொட்டிய நவுத்திட்டு பீரோவத் தெறந்துருக்கான். பட்டப்பகல்ல, ஊரே இருக்கறப்ப, சாவி போட்டு. இதுக்குப் பேரு திருட்டு இல்ல. உரிமையோட எடுத்துருக்கான்.”

அப்போது உள்ளே வந்தார் பேராசிரியர் அறிவழகன். அந்த வெயிலிலும் கோட்டு. மார்பில் கமிட்டிக்கான ரிப்பன் பூ.

“இசைவாணி, இன்னும் கெடைக்கலையா? அப்ப மூணு மணிக்கு எக்ஸ்டர்னல்கிட்ட நானே சொல்லிடறேன். உன் கவனக்குறைவுக்கு நான் பொறுப்பில்ல” என்றவர் எங்களைப் பார்த்தார். “யாரு இவங்க?”

“பூச்சி மருந்து சார்” என்றேன் பணிவாக.

“பீரோ சாவி எத்தன சார்?” என்று கேட்டார் மாமா.

“ரெண்டு. ஒண்ணு இவங்ககிட்ட. இன்னொண்ணு என் வீட்டு பீரோல. உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?”

“பூச்சி எந்த வழியா வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே சார் மருந்து அடிக்க முடியும்? ஜாடிய நீங்க கடைசியாத் தொட்டது எப்ப?”

“ஜாடியா? நான் ஜாடி தொட்டுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்குத்தானே ஸ்காலருங்க இருக்காங்க!” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அறிவழகன் போனார். போகும்போது கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கோட்டு போட்டால் வேர்க்கத்தானே செய்யும் என்று நான் அப்போது நினைத்தேன்.

“இப்ப எங்க மாமா?”

“ஜாடி வாய் தெறந்து பேசாது. தொட்டி பேசும். தொட்டி எங்க போச்சோ அங்க போவம்.”

கட்டடத்தின் பின்பக்கம் ஒரு குட்டியானை வண்டி நின்றது. தோட்டக்காரர் காத்தவராயன் ஆட்களை வைத்துக் குரோட்டன் தொட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தொட்டியிலும் வெள்ளை பெயிண்டில் நம்பர்.

“எங்கண்ணே போவுது?” என்றேன்.

“கமிட்டி எங்க போவுதோ அங்க, அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி” என்றார் அவர் சலிப்போடு. “நாப்பது தொட்டிய வச்சிகினு பதினாலு டிபார்ட்மென்ட்ட எப்பிடிங்க பசுமையாக் காட்டறது? அவுங்க முன்வாசல்ல காரு ஏறுவாங்க. நாங்க பின்வாசல்ல வண்டி ஏறுவோம். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் காபி, முந்திரி குடுப்பாங்க. முந்திரித் தட்டு உள்ள போச்சுன்னா நான் ஸ்டார்ட் பண்ணிடுவேன். அவுங்க மென்னு முடிக்கறதுக்குள்ள அடுத்த எடம் பூத்துக் குலுங்கணும்.”

“தொட்டி மட்டுமா?”

“தொட்டி, செவப்புக் கம்பளம், தண்ணி சுத்தம் பண்ற மெஷினு, தீயணைக்கற சிலிண்டரு. பசங்ககூட அதே இருவது பேருதான். நேத்து காலைல இங்க நண்டு படிச்சான். மத்தியானம் தமிழ் படிச்சான். இன்னைக்கு மூலிகை படிக்கறான். நல்லா படிக்கற பசங்க.”

மாமா அவர் தோளில் கைபோட்டார். “நேத்து இங்க துணி விரிச்ச மேஜ எதுனா இருந்துச்சா?”

“இருந்துச்சே. துணி விரிச்ச மேஜன்னா மேல இருக்கறதோட அப்பிடியே தூக்கிடணும்னு உத்தரவு. தமிழ்த்துறையில எறக்குனோம்.”

இசைவாணி குறுக்கிட்டாள். “ஆனா நண்ட நான் மேஜயில வைக்கலையே சார். பீரோல வச்சிப் பூட்டிட்டில்ல போனேன்?”

“நீ வைக்கலம்மா” என்றார் மாமா. அந்த ‘நீ’யில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது.

தமிழ்த்துறையில் பேராசிரியை சந்திரலேகா எங்களைக் கண்டதும் யார் என்றுகூட விசாரிக்காமல் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போனார். ‘ஐந்திணைக் காட்சிக்கூடம்’. குறிஞ்சிக்குத் தேன் பாட்டில், முல்லைக்கு ஒரு லிட்டர் பால் பாக்கெட், மருதத்துக்கு ஒரு கட்டு நாற்று. பாலைக்கு ஒரு பாண்டுச்சட்டி நிறைய கட்டட மணலும் பிளாஸ்டிக் ஒட்டகமும்.

“பாலையில ஒட்டகம் ஏதுங்க?” என்றேன்.

“நானும் அதான் தம்பி சொன்னேன்! வரலாற்றுத் துறையிலேருந்து வண்டியில வந்து எறங்கிடுச்சு. கமிட்டித் தலைவர் அதுகூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. இப்ப எடுக்கவும் முடியல.”

நெய்தல் மேஜையில் வலை, சங்கு, ஒரு பாக்கெட் கல் உப்பு. நடுவில் காலி இடம்.

“இங்க ஒரு ஜாடி இருந்துச்சாம்மா?” என்றார் மாமா.

“அலவன்! அதாங்க, நண்டு. அழகான நண்டு. வண்டியில வந்த மேஜையில இருந்துது. நெய்தலுக்கு வேற என்ன வேணும்? உடனே லேபிள் அடிச்சு ஒட்டினேன். அந்தப் பச்சைத் தண்ணியில அது மெதக்கறதப் பாக்கணுமே, கடலேதான்! யாரு யோசனைங்க அந்தக் கலரு?”

இசைவாணியின் முகம் விழுந்துவிட்டது. “பச்சையா மேடம்? என் ஜாடியில வெறும் ஸ்பிரிட். தண்ணி மாதிரி நெறமே இருக்காது. இது வேற எதுவோ சார்.” அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மணி பன்னிரண்டு ஆகிக்கொண்டிருந்தது.

ஆனால் மாமா மட்டும் பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“மேடம், நல்லா யோசிச்சு சொல்லுங்க. வந்து எறங்குனப்பவே அவ்ளோ பச்சையா?”

சந்திரலேகா யோசித்தார். “இல்ல. எறங்குனப்ப லேசா, வெள்ளரிப்பிஞ்சு மாதிரி. கமிட்டி வந்தப்ப நல்ல பச்சை. சாயங்காலம் வெத்தலை நெறம். நான்கூட வெயில் பட்டதால இருக்கும்னு விட்டுட்டேன்.”

“ஊறுது மச்சான்” என்றார் மாமா என் காதில். “உள்ள ஏதோ ஊறிக்கிட்டே இருக்குது. மேடம், ஜாடி இப்ப எங்க?”

“காலைல தொட்டியோட மரபு மருத்துவ மையத்துக்குப் போயிடுச்சு. கமிட்டி இப்ப அங்கதான் இருக்கு.”

மரபு மருத்துவ மைய வாசலில் அதே குரோட்டன்கள், அதே கம்பளம். நாங்கள் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தோம். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் சோபாவில். எதிரில் மேஜை. மேஜை மேல், மூலிகைப் பாட்டில்களுக்கு நடுவே, கரும்பச்சைத் தண்ணீரில் எங்கள் ஆள் பத்துக் காலையும் மடக்கிக்கொண்டு கிடந்தார். ஜாடியில் புத்தம்புதிய லேபிள்: ‘நண்டுத் தைலம். மூட்டு வலிக்கு.’

“அடப்பாவிகளா” என்றாள் இசைவாணி.

உள்ளே போவது எப்படி என்று நாங்கள் முழித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. கையில் பட்டியலோடு ஓர் ஆள் எட்டிப்பார்த்து, என் தோளைப் பிடித்தார். “முன்னாள் மாணவர் ஒருத்தர் வரலப்பா. நீ வா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

நான் வாயைத் திறப்பதற்குள் கமிட்டி முன்னால் நாற்காலியில் இருந்தேன். மாமா ஜன்னலுக்கு வெளியே கட்டைவிரலை உயர்த்தினார். அவருக்கென்ன, வெளியே இருக்கிறார்.

“எந்த வருஷம் முடிச்சீங்க?” என்றார் கமிட்டித் தலைவர்.

“இன்னும் முடிக்கல சார். கத்துக்கிட்டே இருக்கேன்.”

அவர் மகிழ்ந்துபோய் ஏதோ குறித்துக்கொண்டார். “இப்ப என்ன பண்றீங்க?”

“தேடல்ல இருக்கேன் சார்.”

“அதாவது ஆராய்ச்சி. சபாஷ். இந்தத் தைலத்தப் பத்தி உங்க அனுபவம்?”

“எங்க மாமாவுக்கு முழங்கால் வலி சார். இதுக்காக இன்னைக்கு ஒரே நாள்ல இந்த வளாகம் பூரா நடந்துட்டாரு.” இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்படியே எழுந்து ஜாடியை இரு கையாலும் தூக்கினேன். “மன்னிக்கணும் சார், இத அரை மணிக்கு ஒரு தடவ வெயில்ல காட்டணும். இல்லன்னா வீரியம் போயிடும்.”

“காட்டுங்க, காட்டுங்க” என்றார் தலைவர், முந்திரியை மென்றுகொண்டே.

நடந்துதான் வெளியே வந்தேன். வாசப்படி தாண்டியதும் ஓடினேன்.

காத்தவராயனின் குட்டியானைக்குள், தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஜாடியை வைத்தோம். இசைவாணி கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தாள். “இதான் சார். என் நண்டுதான். வலது கொடுக்குல சின்ன வெட்டு இருக்குது பாருங்க.” அழுகையும் சிரிப்புமாக மூடியைத் தடவினாள்.

“நெறம் எப்பிடி மாறுச்சுன்னு பாத்துடுவமா?” என்றார் மாமா. எச்சில் தொட்டு மேல் லேபிளை உரித்தார். நண்டுத் தைலம் போயிற்று. கீழே ‘நெய்தல்: அலவன்’. அதையும் உரித்தார். அதற்கும் கீழே பளபளவென்று அச்சடித்த ஒரு லேபிள்.

‘புதிய நண்டு இனம். கண்டறிந்து சேகரித்தவர்: பேராசிரியர் அறிவழகன்.’

இசைவாணியின் கை மூடியிலேயே நின்றது. காத்தவராயன் தொட்டிகளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, “அவரு சேத்துல எறங்கி நான் பாத்ததே இல்லியே” என்றார்.

“பதினஞ்சு வருஷமா ஜாடிகூடத் தொடல” என்றார் மாமா. “அதான் மாட்டிக்கிட்டாரு. ஏம்மா, ஜாடிக்கு உள்ளயும் ஒரு சீட்டு போடுவீங்களா?”

“போடணும் சார். எங்க, எப்ப, யாரு புடிச்சதுன்னு. வெளிய ஒட்டுறது கிழிஞ்சுடும், உள்ள இருக்கறதுதான் கணக்கு. அத பென்சில்லதான் எழுதணும். மை ஸ்பிரிட்ல கரைஞ்சு...” அவள் நிறுத்திவிட்டாள். பச்சைத் தண்ணீரைப் பார்த்தாள். மாமா சட்டைப் பையிலிருந்து எங்கள் பாஸை எடுத்து ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். கையெழுத்தும் தண்ணீரும் ஒரே பச்சை.

“உன்ன மீன் வாங்க அனுப்பிட்டு, வீட்டு பீரோ சாவிய எடுத்தாந்து தெறந்து, கமிட்டிக்குக் காட்டத் தன் பேர ஒட்டி மேஜையில வச்சிருக்காரு. கமிட்டியில எவனாவது உள்சீட்டப் படிச்சிட்டா? அதுக்காக சீட்டையும் மாத்தி எழுதியிருக்காரு. இத்தினி வருஷமா ஆளுங்கள வச்சே வேல வாங்குன மனுஷனுக்கு பென்சில்னு ஞாபகம் வருமா? கையில இருக்கறது பச்சைப் பேனா. அதுலதானே மனுஷனுக்குப் பெரும! அவரு முந்திரி சாப்புடறதுக்குள்ள நம்ம காத்தவராயன் மேஜயோட தூக்கிட்டாரு. ‘என் ஜாடி எங்க’ன்னு அவரு வாய் தெறந்து கேக்க முடியுமா? கேட்டா, பீரோல இருந்தது மேஜைக்கு எப்பிடி வந்துச்சுன்னு சொல்லணும். பழிய உன் மேல போட்டாரு.”

“அப்ப நான் எழுதுன சீட்டு?” என்றாள் இசைவாணி. “அந்தத் தாளு தனி சார், ஸ்பிரிட்ல கிழியாதது. மிச்சத்த டிராயர்ல வச்சுப் பூட்டிட்டுப் போனேன். அவருக்குக் கெடைச்சுருக்காதே.”

மாமா ஜாடியை மெல்லச் சுற்றினார். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்த சீட்டின் ஒரு பக்கம் வெறும் பச்சைக் கறை. ஜாடியைச் சாய்த்ததும் சீட்டு புரண்டது. மறுபக்கத்தில் பென்சில் எழுத்து. முத்து முத்தாக, ஒரு புள்ளி அழியாமல்.

“உன் சீட்டோட முதுகுலயே எழுதியிருக்காரு” என்றேன். “சிக்கனம்!”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “வாங்க மாமா. நேரா கமிட்டிகிட்ட போவம். ஒட்டகத்துக்குப் பக்கத்துல அவரையும் நிக்க வச்சி போட்டோ எடுக்கட்டும்.”

“வேணாம் சார்.”

இசைவாணிதான்.

“வைவாவ நடத்தறது கைடுதான். ரிப்போர்ட்ல அவரு கையெழுத்து இருக்கணும். இப்ப அவர மாட்டி வுட்டா விசாரணைம்பாங்க, வைவா நிக்கும். அவரு பென்ஷன் வாங்கிட்டுப் போயிடுவாரு. நான்தான் இன்னும் ரெண்டு வருஷம் இதே வாசல்ல நிக்கணும்.”

“அதுக்காக சும்மா வுட்டுடறதா?” என்றேன்.

“யாரு வுட்டா? மொதல்ல கையெழுத்து விழட்டும் சார். புகார நானே எழுதுவேன். அதுக்கு முன்னாடி இன்னொரு வேல இருக்குது.” மாமாவின் துண்டை வாங்கி ஜாடியைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

மாமா என்னைப் பார்த்தார். “இந்தப் பொண்ணுக்கு நம்ம வேலயே வேணாம் மச்சான். நாம இவுங்ககிட்ட வேலைக்குச் சேந்துடலாம்.”

மூணு மணி. கருத்தரங்க அறை. தொட்டி, கம்பளம், அதே இருபது பையன்கள். மேடையில் அறிவழகனும், தூத்துக்குடியிலிருந்து வந்த எக்ஸாமினர் டாக்டர் எழிலரசியும். கடைசி வரிசையில் நாங்கள். எனக்குப் பக்கத்தில் இசைவாணியின் அம்மா பட்டம்மாள், பெட்டி மடிப்புக் கலையாத புதுப்புடவையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஏ.சி. குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் முழுக்கக் கொடுக்குப் பட்ட பழைய தழும்பு.

அறிவழகன் மைக்கைப் பிடித்தார். “வருத்தமான செய்தி. மாணவியின் கவனக்குறைவால...”

“கொண்டாந்துட்டேன் சார்” என்று இசைவாணி துண்டை விலக்கி ஜாடியை மேஜையில் வைத்தாள். அறிவழகனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொடுத்தார்கள். அதற்கும் இருமினார்.

எழிலரசி லென்ஸை எடுத்துக் குனிந்தார். ஆய்வேட்டில் இருந்த படத்தையும் நண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது நிமிஷம் குறுக்கு விசாரணை. மாமாகூட அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இசைவாணி எதற்கும் தடுமாறவில்லை. கடைசியில் எழிலரசி நிமிர்ந்து, “எல்லாம் சரி. ஸ்பிரிட் ஏன் பச்சையா இருக்கு?” என்றார்.

“கொஞ்சம் மை கலந்துடுச்சு மேடம். நன்றியுரையில சொல்றேன்.”

அறிவழகனின் நெற்றி மேடை விளக்கில் மின்னியது. ரிப்போர்ட்டை நீட்டினார்கள். எழிலரசி கையெழுத்துப் போட்டார். அறிவழகன் எங்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தார். மாமா கைகூப்பி வணங்கினார். அவரும் பச்சையில் போட்டார். இசைவாணிக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக அவர் வாயாலேயே அறிவித்தார். பையன்கள் கைதட்டினார்கள். இரண்டு நாளாகக் கைதட்டியே பழகியவர்கள்.

இசைவாணி நன்றியுரைக்கு எழுந்தாள். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. ஜாடியைத் திறந்து, இடுக்கியால் உள்சீட்டை எடுத்து அறிவழகனிடம் நீட்டினாள். “இந்த நண்ட யாரு புடிச்சதுன்னு எங்க கைடு சார் வாயால எல்லாரும் கேக்கணும்னு ஆசப்படறேன். வாசிங்க சார்.”

அவர் சீட்டை வாங்கினார். முதலில் தான் எழுதிய பக்கத்தைப் பார்த்தார். அங்கே பச்சைக் கறை தவிர ஒன்றுமில்லை. திருப்பினார். எழிலரசி அந்தக் கறைப் பக்கத்தையும், ஜாடியையும், ரிப்போர்ட்டில் இருந்த பச்சைக் கையெழுத்தையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு மைக்கை நகர்த்தி அவர் வாய்க்கு நேராக வைத்தார்.

“இடம்... கிள்ளைக்குக் கிழக்க, சுரபுன்னைக் காடு. நேரம், காலை ஆறு இருபது. நீர் வத்துன நேரம். சேகரித்தவர்...” மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

“வாசிங்க சார்” என்றார் எழிலரசி.

“பட்டம்மாள்.”

என் பக்கத்து நாற்காலி படாரென்று சத்தம் போட்டது.

“இருக்கறேன் சார்!”

பட்டம்மாள் எழுந்து, கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றார். நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் வைத்துப் பேர் வாசிக்கும்போது உடனே எழுந்து குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு ஆள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பழக்கம். அறை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். நான் மெதுவாகப் புடவைத் தலைப்பைத் தொட்டு, “உக்காருங்கம்மா” என்றேன். “இருப்பா, அந்த சாரு இன்னும் டிக் அடிக்கலியே” என்று சொல்லிவிட்டு, மேடையையே பார்த்துக்கொண்டு அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார்.